கலெக்டரோடு வந்த மதினி

செய்தி வந்தபோது நான் சிம்மக்கல்லில் ஒரு மொத்தக் கடையில் லைனிங் துணி கிழிக்கச் சொல்லிவிட்டு நின்றுகொண்டிருந்தேன். வீட்டுக்காரர் போனில் கூப்பிட்டார். "செல்வி, அக்கா போயிருச்சு" என்றார். காலையில் நான் கிளம்பும்போது வாசலில் காபி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர். "பஸ்ஸு கூட்டமா வந்தா விட்டுட்டு அடுத்ததுல போ. துணி எங்கயும் ஓடிப் போகாது" என்று சொல்லி அனுப்பியவர். எனக்கு வாயில் வந்தது, "கலெக்டர் எங்க?" என்பதுதான். கடைக்காரர் கத்திரியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். போனில் இவர் அழுதுகொண்டே, "தூங்குது" என்றார். வீடு இருக்கிற ஒத்தக்கடை வருகிற வரைக்கும் பஸ்ஸில் அழுதேன். நடுவில் ஒரு தடவை எதையோ நினைத்துச் சிரித்தும்விட்டேன். பக்கத்தில் இருந்த அம்மா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

ராஜி டீச்சர் என்று உங்களுக்கெல்லாம் தெரிந்தவர் எனக்கு மதினி. என் வீட்டுக்காரரின் உடன்பிறந்த அக்கா. பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். உங்களில் பாதிப் பேர் அவருடைய விசிலுக்குப் பயந்து ஓடியவர்கள். மீதிப் பேர் ஓடாமல் மாட்டிக்கொண்டவர்கள். பழைய மாணவிகள் சேர்ந்து நினைவு மலர் போடுகிறோம், கடைசிக் காலத்தில் கூட இருந்தவர் நீங்கள்தான், ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டீர்கள். எனக்கு ஜாக்கெட் தைக்கத்தான் தெரியும். எழுத்தில் அளவு முன்னே பின்னே இருந்தால் நீங்களே பிரித்துத் தைத்துக்கொள்ளுங்கள்.

மதினி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சிம்மக்கல்லில் ஒரு மாடி வீட்டில் தனியாக இருந்தார். ஒரு மழை நாளில் படியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. இனிமேல் தனியாக விட முடியாது, எங்களோடு வந்து இருக்க வேண்டும் என்று கூப்பிடப் போனோம். கையில் கட்டோடு உட்கார்ந்திருந்தவர், "வாரேன். ஆனா ஒத்தையில வரமாட்டேன்" என்றார். நானும் இவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இந்த வயதில் இது என்ன புதுக் கதை என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்து, பீரோ மேலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு பூனை குதித்து வந்து அவர் மடியில் ஏறிச் சுருண்டுகொண்டது. "இவதான் கலெக்டர்" என்றார் மதினி.

அட, இதற்குப் பதில் ஒரு ஆம்பளையாகவே இருந்திருக்கலாம் என்று தோன்றியது எனக்கு. நான் பூனை ஆகாத வீட்டில் பிறந்தவள். எங்கள் ஊர் செக்கானூரணிக்கு மேற்கே. சந்தைக்கு மாடு ஓட்டிக்கொண்டு கிளம்பினாலும் சரி, விதைக்கப் போனாலும் சரி, அப்பா தெருவில் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் காலை எடுத்து வைப்பார். பூனை குறுக்கே போய்விட்டால் திரும்பி வந்து, உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். கல்யாணமாகி வந்த பிறகு என் வீட்டில் சகுன இலாகா என் கையில். நான் வாசலைப் பார்த்து "ம்" சொன்னால்தான் வண்டி நகரும். அதனால் ஒளிக்காமல் சொல்லிவிட்டேன். "மதினி, நீங்க வாங்க, ஒங்கள நான் தாங்குறேன். அது வேணாம்."

"அப்ப நானும் வேணாம்த்தா" என்றார். கோபமே இல்லை. சாதாரணமாகச் சொன்னார். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கொஞ்ச நாள் இப்படியே ஓடியது. ஒற்றைக் கையோடு அவர் அந்தப் படியில் ஏறி இறங்குவதை நினைத்து இவருக்குத் தூக்கம் இல்லை. என்னிடமும் வாயைத் திறந்து கேட்கப் பயம். மதில்மேல் பூனை என்பார்களே, அதுதான். கடைசியில் மதினியே ஒரு வழி சொன்னார். இரண்டு பேரும் வந்து இருந்து பார்க்கிறோம். உனக்கு ஒத்துவரவில்லை என்றால் ஒரு வார்த்தை சொல், இரண்டு பேரும் சிம்மக்கல்லுக்கே திரும்பிவிடுகிறோம், மனசில் வைத்துக்கொள்ள மாட்டேன் என்றார். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. ஆனி கடைசியில் ஆட்டோவில் வந்து இறங்கினார். கூடைக்குள்ளிருந்து கலெக்டர் ஊரையே கூட்டியது. மறு வாரம் ஆடி பிறந்தது. ஆடியில் வீடு மாறக் கூடாது, சாமான் ஏற்றக் கூடாது என்று தெருவுக்கே சட்டம் பேசுகிறவள் நான். "ஆவணி பொறக்கட்டும் செல்வி. அப்புறம் ஒன் முடிவச் சொல்லு" என்றார் மதினி, முகத்தில் சிரிப்பே இல்லாமல். பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அந்த மாதம் முழுக்க அவர்களை நான் அசைக்க முடியாது. என் சட்டத்தை எடுத்து என்னையே கட்டிப்போட்டுவிட்டார். பி.டி. டீச்சர் இல்லையா, பந்தை எப்போது போடுவது என்று தெரிந்திருக்கிறது.

வந்த அன்றைக்கே கலெக்டர் கட்டிலுக்கு அடியில் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. இவருக்குச் சின்ன வயதிலிருந்தே பூனை என்றால் உயிர். ஒரு கையில் பால் கிண்ணம், ஒரு கையில் டார்ச் லைட், குப்புறப் படுத்துக்கொண்டு "வாடா தங்கம், வாடா செல்லம்" என்று அதைப் பிடித்து வெளியே இழுக்கப் பார்த்தார். மூக்கில் ஒரு கோடு வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். மதினி அவருக்கு மஞ்சள் வைத்துக்கொண்டே சொன்னார்: "ஏன்டா தம்பி, புதுசா பள்ளிக்கூடத்துல சேந்த பிள்ளைய மொத நாளே மேடையில ஏத்திப் பேசச் சொல்லுவியா? அது மொதல்ல மூலையப் பாக்கும். மூலை நம்மளுதுனு தெரிஞ்ச பின்னாடிதான் ரூமப் பாக்கும்." தன்னுடைய பழைய சேலை ஒன்றைத் துவைக்காமல் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, எல்லோரையும் வெளியே விரட்டினார். சில நாள் கழித்து அது தானே வெளியே வந்தது. சமையல்கட்டு, பூஜை அறை, பாத்ரூம், மோட்டார் ரூம் என்று ஒவ்வொன்றாக நுழைந்து, மோந்து, கன்னத்தைக் கதவோரத்தில் தேய்த்து, திருப்தியில்லாத முகத்தோடு அடுத்த அறைக்குப் போனது. அதற்கு ஏன் கலெக்டர் என்று பெயர் என்பதை அன்றைக்குத்தான் புரிந்துகொண்டேன்.

ஆய்வு முடிந்ததும் அது நேராக வந்து உட்கார்ந்த இடம் என் தையல் மெஷின் பக்கம். வீட்டில் அதற்காக மீன் வாங்கி வந்து கெஞ்சுகிறவர் ஒருத்தர் இருக்கிறார். வேலை விட்டு வந்ததும் "கலெக்டரே, கலெக்டரே" என்று பாட்டே பாடுகிற மகன் கார்த்தி இருக்கிறான். அவர்களைக் கண்டால் ஓடும். நான் ஒருத்திதான் வேண்டாம் என்று சொன்னவள். என் காலடியில்தான் வந்து உட்காரும். "மதினி, ஒங்க கலெக்டரக் கூப்பிடுங்க, எனக்கு வேலை ஓடல" என்று கத்துவேன். மதினி சிரிப்பார். "நீ அத மொறச்சுப் பாக்க மாட்ட. கூப்பிட மாட்ட. தூக்க மாட்ட. ஒன் வேலையப் பாத்துக்கிட்டு இருப்ப. பூனைங்க ஊருல அதுக்குப் பேரு மரியாதை. இந்த வீட்டுல ஒருத்திதான் மரியாதை தெரிஞ்சவனு அது கண்டுபிடிச்சிருச்சு." இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே அப்போது. முப்பது வருஷமாக என்னோடு குடித்தனம் நடத்துகிற மனுஷன், ஒரு பூனை விஷயத்தில் என்மேல் பொறாமைப்பட்டார்.

துணி தைக்க வருகிறவர்களில் ஒரு பெண் தன் குழந்தையையும் கூட்டி வருவாள். ஒரு நாள் கலெக்டர் வெயிலில் மல்லாந்து வயிற்றைக் காட்டிப் படுத்திருந்தது. குழந்தை ஓடிப்போய் வயிற்றில் கையை வைத்தது. நாலு காலும் ஒன்றாக வந்து கையைக் கட்டிப் பிடித்துக்கொண்டன. நல்ல வேளை, நகம் போடவில்லை. தாய்க்காரி பதறிவிட்டாள். மதினி குழந்தையை மடியில் உட்கார வைத்து, "வீட்டுக் கதவு தெறந்து இருந்தா, யாரு வேணா உள்ள வந்து அடுப்புல கைய வைக்கலாமாடா?" என்று கேட்டார். குழந்தை யோசித்து, கூடாது என்று தலையாட்டியது. "அம்புட்டுத்தான். நம்பிக் கதவத் தெறந்து வச்சிருக்கு. வாசல்லயே நின்னு பேசு." ஒரு விரலை மட்டும் அதன் மூக்குக்கு முன்னால் நீட்டச் சொன்னார். கலெக்டர் மோந்து பார்த்துவிட்டு, தாடையைக் கொண்டுவந்து அந்த விரலில் தேய்த்தது. அதற்குப் பிறகு அந்தப் பெண் வேறு தையல்காரியைத் தேடிப் போகவே இல்லை. என் தையலுக்காக என்று நானும் கொஞ்ச காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவருடைய படிப்பெல்லாம் மைதானத்தில் படித்தது. வயிற்றுவலி என்று சொல்லி டிரில்லுக்கு வராமல் ஓரமாக உட்காருகிற பிள்ளைகளில் யாருக்கு நிஜமாகவே வலி என்று தோளைப் பார்த்தே சொல்லிவிடுவாராமே, உங்களுக்குத் தெரிந்திருக்கும். "வாய் பள்ளிக்கூடத்துல பொய் சொல்லக் கத்துக்குது. ஒடம்பு பாவம், அதுக்குப் பள்ளிக்கூடம் இல்ல" என்பார். பூனையையும் அப்படித்தான் பார்த்தார். நான் வால் ஆட்டுகிற பூனையைப் பார்த்துவிட்டு, "சந்தோஷமா இருக்கு போல" என்றேன் ஒரு தடவை. "அது நாய்க்கு. நாய் வாலாட்டுனா வானு அர்த்தம். பூனை வாலத் தரையில அடிச்சா, போதும் எந்திரிச்சுப் போனு அர்த்தம்" என்றார். சொல்லி முடிப்பதற்குள் இவர் அதைத் தூக்கிவிட்டார். இந்த முறை கன்னத்தில் கோடு.

ஒரு நாள் கலெக்டர் சமையல்கட்டு மேடைக்குக் கீழே போய்க் கூனிக்கொண்டு உட்கார்ந்து, கிர்ர் கிர்ர் என்று ஓயாமல் சத்தம் கொடுத்தது. கொஞ்சினால் வருகிற சத்தம். நான் மதினியிடம், "ஒங்க கலெக்டர் இன்னைக்கு ஏகக் குஷி" என்றேன். அவர் எட்டிப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. காது இரண்டும் பக்கவாட்டில் சாய்ந்திருந்தது. மீசை பின்னால் ஒட்டியிருந்தது. தட்டில் வைத்த மீன் அப்படியே கிடந்தது. "குஷி இல்லத்தா. தன்னத்தானே தட்டிக் கொடுத்துக்குது. எங்கயோ வலி" என்றார். ஆட்டோ பிடித்துக் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனோம். மருத்துவர் வாயைத் திறந்து பார்த்தார். கடைவாய் ஓரத்தில் முள் குத்திச் சீழ் வைத்திருந்தது. திரும்பி வரும்போது மதினி கூடையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: "சிரிச்சுக்கிட்டே இருக்குற பிள்ளைங்க எல்லாம் சொகமா இருக்குற பிள்ளைங்க இல்ல செல்வி. என் கிளாஸுல ஒண்ணு இருந்துச்சு. எல்லாரையும் சிரிக்க வைக்கும். ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சது, வீட்டுல சாப்பாடு இல்லனு." அந்தப் பெண்ணுக்கு அப்புறம் தினமும் யார் டிபன் பாக்ஸ் கொண்டுபோனது என்று அவர் சொல்லவில்லை. இந்த மலருக்காக என்னைப் பார்க்க வந்தவர்களில் ஒருத்தி சொல்லித்தான் தெரிந்தது.

கண்ணை மூடிக்கொண்டால் உலகமே இருண்டுவிட்டது என்று பூனை நினைக்குமாம் என்று நாம் சொல்கிறோம் இல்லையா, அந்தப் பழமொழி மதினிக்கு அறவே பிடிக்காது. பூனை நம்மைப் பார்த்து மெதுவாகக் கண்ணை மூடித் திறந்தால், உன் முன்னால் கண்ணை மூட எனக்குப் பயமில்லை என்று சொல்கிறதாம். நாமும் அதேபோல் மெதுவாக மூடித் திறந்தால் பதில் சொன்ன மாதிரி. இவர் அதைக் கேட்டுவிட்டு நாள் முழுக்கப் பயிற்சி செய்தார். மெதுவாக வரவில்லை அவருக்கு. பஸ் ஸ்டாண்டில் விடலைப் பையன்கள் பெண்களைப் பார்த்துக் கண்ணடிப்பது மாதிரி படக்கென்று அடித்தார். கலெக்டர் எழுந்து மாடிக்குப் போய்விட்டது. "தம்பி, ஒன் கல்யாணம் எப்படி முடிஞ்சதுனே எனக்குப் புரியல" என்றார் மதினி. நான் சிரித்த சிரிப்பில் ஊசி உடைந்தது. யாரும் பார்க்காத நேரத்தில் நானும் ஒரு தடவை அந்தக் கண் வேலையைச் செய்து பார்த்தேன். அது திரும்பச் செய்தது. எனக்கு ஒரு மாதிரியாகப் போய்விட்டது. எழுந்து போய் உலையைப் பார்த்தேன்.

இதையெல்லாம் வைத்து நான் மசிந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். ஆடி முடியப் போகிற நேரத்தில் ஒரு கல்யாணப் பெண்ணின் பட்டு ஜாக்கெட்டைத் தைத்து முடித்து மெஷின்மேல் வைத்திருந்தேன். காலையில் வந்து பார்த்தால் அதன்மேல் ஒரு செத்த எலி. கலெக்டர் பக்கத்திலேயே உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது, மார்க் போடுங்கள் என்கிற மாதிரி. எனக்குத் தலைக்கேறிவிட்டது. "ஆவணி பொறக்கட்டும். பொறந்த அன்னைக்கே நான் என் முடிவச் சொல்றேன்" என்று வீடே அதிரக் கத்தினேன். மதினி எழுந்து வந்தார். எலியை எடுத்து வெளியே போட்டார். அந்த ஜாக்கெட்டை வாங்கிக்கொண்டு போய், கட்டுப் பிரித்த கை இன்னும் சரியாக மடங்காத நிலையில், இடது கையாலேயே அலசி நிழலில் காயப் போட்டார். கறை இல்லாமல் வந்துவிட்டது. சாயங்காலம் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அது ஒன் மேல உள்ள கோவத்துல செய்யல செல்வி. நீ நாள் பூராவும் ஒரே எடத்துல உக்காந்திருக்க. ஒரு எலி கூட நீ புடிச்சு அது பாக்கல. பொழைக்கத் தெரியாத பொம்பளனு கவலைப்பட்டுக் கொண்டாந்து குடுத்துருக்கு." கோபத்தோடு இருக்க வேண்டும் என்று எவ்வளவோ முயற்சி செய்தேன். முடியவில்லை.

ஆவணி பிறந்தது. கார்த்திக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. ஆடி போகட்டும் என்று நிறுத்தி வைத்திருந்த ஜாதகம் ஒன்று ஆரப்பாளையம் பக்கம் பொருந்தியிருந்தது. முதல் நல்ல நாளிலேயே பெண் பார்க்கக் கிளம்பினோம். வாசலில் வேன் நிற்கிறது. தட்டு, பழம், பூ எல்லாம் ஏறியாகிவிட்டது. இவருடைய மாமா வந்திருந்தார், குடும்பத்துக்குப் பெரியவர், என்னைவிடச் சகுனம் பார்க்கிறவர். வேறு ஏதாவது மறந்துவிட்டதோ என்று பார்க்க உள்ளே போனேன். மதினியின் அறை வழியாகத்தான் போக வேண்டும். கட்டிலுக்கு அடியில் இருந்த அவருடைய பெட்டி வெளியே வந்திருந்தது. துணியெல்லாம் மடித்து அடுக்கி, மேலே அந்தக் கூடையும் வைத்திருந்தது. நான் சொல்லப்போவது இதுதான் என்று அவரே முடிவு செய்துவிட்டார்.   வெளியே வந்துவிட்டேன்.

எல்லோரும் வேனில் ஏறக் கால் தூக்கிய நேரத்தில் கலெக்டர் வீட்டுக்குள்ளிருந்து வந்தது. படியிறங்கி, எங்கள் எல்லோருக்கும் முன்னால், இடமிருந்து வலமாக, சாவகாசமாக நடந்து போனது. ஒருத்தர் அசையவில்லை. மாமாதான் முதலில் பேசினார். "உக்காருங்கப்பா. இன்னைக்கு வேணாம். மொத தடவ போற எடம்." அப்புறம் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். இவர் பார்த்தார். கார்த்தி பார்த்தான். நான் ஆமாம் என்று சொன்னால் அது மதினிக்கும் சேர்த்துச் சொன்னதாகிவிடும் என்று எனக்குத் தெரியும், இவருக்கும் தெரியும். மதினி வாசல்படியில் நின்றிருந்தார். மன்னிச்சிரு என்று சொல்லவில்லை. பூனையைத் திட்டவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

போன கலெக்டர் பாதியில் நின்றது. திரும்பியது. நேராக என்னை நோக்கி வந்தது. வால் நட்டமாக நின்றது, நுனி மட்டும் கொஞ்சம் வளைந்திருந்தது. என் பட்டுச் சேலையில் இந்தக் கன்னத்தை ஒரு தடவை, அந்தக் கன்னத்தை ஒரு தடவை தேய்த்துவிட்டுக் காலடியில் உட்கார்ந்தது. "மாமா, ஏறுங்க வண்டில" என்றேன்.

"ஏம்மா, நீயா பேசுற?" என்றார் மாமா.

"குறுக்க போகல மாமா. வழியனுப்ப வந்துருக்கு. வாலப் பாருங்க. அப்படி நட்டுக்க வச்சு நுனிய வளச்சா வாங்க, நல்லா இருக்கீங்களானு அர்த்தம். நம்ம வீட்டு ஆளு நம்மள வழியனுப்புனா யாராச்சும் உக்காந்து தண்ணி குடிப்பாங்களா? ஏறுங்க, நேரம் போகுது."

மாமா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஏறினார். போன இடத்தில் மாமா சும்மா இருக்கவில்லை. நடந்ததை ஒன்று விடாமல் சொல்லிவிட்டார். போச்சு போ என்று நினைத்தேன். காபித் தட்டோடு நின்ற பெண், "எங்க அத்தைக்கு வாலு பாக்கத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டது. எங்க அத்தை என்று அதற்குள் சொல்லிவிட்டது பாருங்கள். அப்புறம் என்ன பேச்சு இருக்கிறது? இன்றைக்கு என் மருமகள் அதுதான். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் நேராக மதினியின் அறைக்குப் போனேன். பெட்டியைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். "மதினி, தோசையா, உப்புமாவா?" என்று கேட்டேன்.  "தோசை" என்றார். தோசைக்கு மாவு இல்லை என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. உப்புமாதான் சாப்பிட்டோம்.

அதற்குப் பிறகு பல ஆடி வந்து போய்விட்டது. அவர் பெட்டியை யாரும் தொடவில்லை. மணிக்கட்டு மட்டும் கடைசிவரை சரியாகவில்லை. கையைத் தூக்கித் தலை பின்ன முடியாது. வந்த புதிதில் நான் பின்னிவிடுகிறேன் என்றால், "நானே பாத்துக்குறேன்" என்று அரைகுறையாகக் கொண்டை போட்டுக்கொண்டு வருவார். உட்காரும்போதும் ஹால் சுவரோரம் நாற்காலியைப் போட்டு, சமையல்கட்டைப் பார்த்தபடி, மைதானத்தில் நிற்கிற மாதிரி விறைப்பாக இருப்பார். எப்போது மாறியது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒரு நாள் காலையில் சீப்பையும் எண்ணெய்க் கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு வந்து நான் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார். அன்றிலிருந்து தினமும் அப்படித்தான்.

இறப்பதற்குச் சில வாரம் முன்னால் அப்படித் தலை வாரிக்கொண்டிருந்தபோது நான் கலெக்டரைப் பற்றிப் புகார் சொன்னேன். "பாருங்க மதினி, கூப்பிட்டாத் திரும்பக்கூட மாட்டேங்குது. எனக்கு முதுகக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்கு. சோறு போடுறவகிட்ட இம்புட்டுத் திமிரு ஆகாது."

"திமிரு இல்லத்தா" என்றார் மதினி. "பயம் இருக்குற எடத்துல எந்தப் பூனையும் முதுகக் காட்டாது. பின்னாடி நீ இருக்க, ஒண்ணும் ஆகாதுனு உக்காந்திருக்கு."

"ஆமா, பெரிய நம்பிக்கை" என்று சொல்லிவிட்டுப் பின்னலை முடித்தேன். அடுப்பில் பால் இருந்தது, எழுந்து போய்விட்டேன்.

பூனை அழுததா, சாப்பிட்டதா என்று துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். அழவில்லை. கூட்டத்தைப் பார்த்துப் பரணில் ஏறிக்கொண்டது, ஆள் குறைந்ததும் இறங்கி வந்து நன்றாகச் சாப்பிட்டது. காரியம் முடிந்த அன்று சொந்தக்காரப் பெண் ஒருத்தி, "ஒங்களுக்கு ஆகாதே, நான் வேணா கொண்டு போறேன்" என்று நல்ல மனதோடு கூடையை எடுத்தாள். "வையி அத. அது எங்க வீட்டு ஆளு" என்றேன். கொஞ்சம் வேகமாகத்தான் சொல்லிவிட்டேன். துக்க வீட்டு வழக்கப்படி எல்லோரும் சொல்லிக்கொள்ளாமல் போனார்கள். இவர் உள்ளே படுத்துவிட்டார். வீடு காலியானதும் நான் மெஷின் முன்னால் போய் உட்கார்ந்தேன். கலெக்டர் வந்து, வழக்கம்போல் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அன்றைக்கு அதைச் சொன்னபோது மதினியும் எனக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருந்தார். தலையை என் கையில் விட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டிருந்தார். ஒரு மைதானம் நிறையப் பிள்ளைகளுக்கு அவர் முகம் ஞாபகம் இருக்கும். எனக்கு அந்த முதுகு போதும்.